இருபத்து மூன்று நகல்கள்

என் மகள் கால்நடை மருத்துவர். சரவாக்கில், கூச்சிங் நகரில், பத்து ஆண்டுகளாக வேலை செய்கிறாள். மலாக்காவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் கடல். விமானத்தில் ஒன்றே முக்கால் மணி நேரம்தான். விமான நிலையத்துக்குப் போவது, காத்திருப்பது, இறங்கி வெளியே வருவது எல்லாவற்றையும் சேர்த்தால் எட்டு மணி நேரம் பத்து நிமிடம். ஐந்து முறை போயிருக்கிறேன். ஐந்து முறையும் குறித்து வைத்திருக்கிறேன்.

ஒரே நாடுதான். ஆனாலும் எங்கள் பக்கத்துத் தீபகற்பத்திலிருந்து போகிறவர்கள் அங்கே இறங்கியதும் வரிசையில் நின்று, தொண்ணூறு நாள் தங்கலாம் என்று போட்டிருக்கும் சீட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். அங்கே வேலை செய்வதென்றால் தனியாகப் பெர்மிட் வேண்டும். அவளுக்குக் கிடைத்த முதல் பெர்மிட் இரண்டு ஆண்டுகளுக்கானது. “ரெண்டே வருஷம்பா. நீங்கதான் எல்லாத்தையும் எண்ணுவீங்களே, இதையும் எண்ணிக்கிட்டு இருங்க, முடியறப்ப வந்துருவேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். நானும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு நான்காயிற்று, நான்கு ஆறாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தொலைபேசியில் பேசுவாள். பத்து மணி ஏழு நிமிடமாகியும் மணி அடிக்கவில்லை என்றால் நான் எழுந்து கூடத்தில் நடக்க ஆரம்பித்துவிடுவேன். “ஏழு நிமிஷத்துல என்ன ஆயிரும்? யாராவது பூனையத் தூக்கிட்டு வந்திருப்பாங்க” என்பாள் என் மனைவி. அவளும் அதற்குள் இரண்டு முறை கைப்பேசியைப் பார்த்திருப்பாள்.

போன ஆண்டு ஜூலையில் மனைவிக்கு வலது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. மகள் ஆறு நாள் விடுப்பில் வந்தாள். ஐந்தாம் நாள் காலை, தாயாருக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டே அவள் சொன்னது எனக்கு எழுத்து மாறாமல் நினைவிருக்கிறது.

“இன்னொரு காலும் செய்யணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. நான் இங்கயே வந்துரலாம்னு பாக்குறேம்மா.”

“வந்து?”

“வந்து வேலதான். மலாக்காவுல பூனையே இல்லையா?”

மனைவி என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் எதையாவது கேட்டுக் காரியத்தைக் கெடுத்துவிடுவேன் என்று பயந்து, வாசலுக்குப் போய்ப் பூச்செடித் தொட்டிகளை எண்ணினேன். பதினாலு.

நேரம் கூடி வந்ததுபோல ஒரு வழியும் திறந்தது. டவுனில் பழைய கிளினிக் ஒன்று இருந்தது. அதை நடத்தியவர் யாழ்ப்பாணத் தமிழர், என்னைவிட நான்கு வயது மூத்தவர். மகள் படிக்கும்போது அவரிடம்தான் ஒரு விடுமுறை முழுவதும் தொழில் பழகினாள். அவருடைய பிள்ளைகள் வெளிநாட்டில். கிளினிக்கை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு அவர்களிடம் போய்விடலாம் என்று இருந்தார். நான் போய்ச் சொன்னதும், “பிள்ளை வாறாவோ? அப்ப வேற ஆளை நான் தேடேல்ல” என்றார். பள்ளி ஆசிரியனாக இருந்த என்னை அவர் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். பிறகு விரலை நீட்டி ஒன்று சொன்னார். “ஆனால் மாஸ்டர், என்ர சேட்டிபிக்கட் டிசம்பர் முப்பத்தொண்டோட முடியுது. நான் இனிப் புதுப்பிக்கிற எண்ணம் இல்லை. அதுக்கு முதல் அவ பொறுப்பெடுக்க வேணும். அண்டைக்குப் பிறகு கதவைத் திறந்தால் நான் டொக்டர் இல்லை, சும்மா ஒரு கிழவன்.”

கால்நடை மருத்துவர் எவரானாலும் ஆண்டுதோறும் தொழில் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். அது இல்லாமல் ஊசியைக் கையில் எடுக்க முடியாது. இது எனக்குத் தெரியும். மற்றவை தெரியாது. நாட்டின் பதிவேட்டில் மகளின் பெயர் இருக்கிறது, வந்து உட்கார வேண்டியதுதானே என்று நினைத்திருந்தேன். அவள் அனுப்பிய பட்டியலில் பத்து இனங்கள் இருந்தன. அங்கே அவள்மீது புகார் எதுவும் இல்லை என்று ஒரு கடிதம். அங்குள்ள முதலாளி விடுவித்த கடிதம். சான்றிதழில் முகவரி மாற்றம். பயிற்சி வகுப்புகளுக்குப் போய்ச் சேர்த்த புள்ளிகளின் கணக்கு. கிளினிக்கின் பொறுப்பு மருத்துவர் மாறுவதற்கு ஒரு விண்ணப்பம். நகராட்சியில் வியாபார உரிமம், அதனுடன் விளம்பரப் பலகைக்கு ஒன்று. எக்ஸ்ரே கருவிக்கு ஒன்று. பூட்டி வைக்க வேண்டிய மருந்துகளுக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் அடியில், பிறப்புச் சான்றிதழிலிருந்து பட்டம் வரைக்கும் உறுதி செய்யப்பட்ட நகல்கள்.

அவளுடைய அசல்கள் அத்தனையும் என்னிடம் இருந்தன. பச்சைக் கோப்பு ஒன்றில் வரிசைப்படி வைத்திருக்கிறேன். “நகல் வேலய நீங்க பாத்துக்கிறீங்களாப்பா? மத்தத நான் இங்கருந்து செஞ்சிருவேன்” என்று கேட்டாள். எனக்கு எழுபத்து நான்கு வயது. இந்தப் பத்து ஆண்டுகளில் அவள் என்னிடம் கேட்ட முதல் உதவி அது.

நடக்கும் முன்பே ஊருக்குச் சொல்லிவிடுவது என்னுடைய கெட்ட பழக்கம். பேருந்தில் போகும் தூரத்தில் இருக்கும் ரெம்பியாவுக்கு வெளியே, நான் முன்பு பள்ளி நடத்திய தோட்டத்தின் ஓரத்தில், என்னிடம் படித்த ஒருவன் மாடு வளர்க்கிறான். இருபத்தாறு மாடுகள். எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவில் மேய விடுவான். அவனுக்கே ஐம்பது வயது தாண்டிவிட்டது. பால் வாங்கப் போன இடத்தில் அவனிடம் சொன்னேன்.

“நெசமாவா சார்? நம்ம பாப்பாவா?” என்றான். “வரட்டும் சார். இப்ப வர்ற டாக்டரு நல்லவருதான். ஆனா அவரு கேக்கறது எனக்குப் புரியல, நான் சொல்றது அவருக்குப் புரியல. மாட்டுக்கு மட்டும்தான் ரெண்டு பேரு பேசறதும் புரியுது.”

“வருஷம் பொறந்ததும் வந்துருவா.”

“வந்ததும் மொத ஊசி நம்ம செவலைக்குத்தான். இப்பவே சொல்லிட்டேன், சார் அப்புறம் நம்பர் போட்டு உக்கார வச்சிறாதீங்க.”

அன்று பால் பாத்திரத்தோடு பேருந்தில் வந்தபோது, இதே வழியில் அவள் எத்தனை முறை மாடு பார்க்கப் போக நேரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். வாரம் ஒரு முறை என்றாலும் ஆண்டுக்கு ஐம்பத்திரண்டு. அதில் பாதி நாளாவது நானும் கூடப் போகலாம். மாட்டுக்காரர்கள் சொல்வதை அவள் எழுதிக்கொள்வாள், நான் பையைப் பிடித்துக்கொள்வேன். திரும்பும் வழியில் கடையில் தோசை தின்னலாம். இப்படியெல்லாம் நினைத்ததை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

தோட்டத்தில் அரசாங்க அதிகாரி என்று சொல்லத்தக்கவர் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர்தான். பத்தொன்பது ஆண்டுகள் நான் அந்த நாற்காலியில் இருந்தேன். நகலில் சாப்பா, அதாவது முத்திரை, வேண்டுமென்றால் தோட்டத்துச் சனங்கள் என்னிடம்தான் வருவார்கள். உண்மை நகல் என்று மலாயில் ஒரு வரி, அதன் கீழே என் பெயர், பதவி, பள்ளி. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பதிவு, செத்தவர்களின் சேமநிதித் தாள் எல்லாம் என் மேசையில்தான் உண்மையாகின. ஓய்வுபெற்ற பிறகும் சிலர் வீட்டைத் தேடி வந்தார்கள். இப்போது நான் குத்தினால் செல்லாது என்று எல்லோரையும் திருப்பி அனுப்பினேன். பதினாறு பேர். அவர்களுக்கு நான் சொன்ன சட்டம் எனக்குத் தெரியாமல் இல்லை.

தீபாவளி வாரம். பள்ளி மூடியிருந்தது. இப்போதைய தலைமையாசிரியை ஈப்போவில் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தார். வர ஒன்பது நாள் ஆகும். அரசாங்க மருத்துவமனையில் ஒரு டாக்டரிடம் போயிருக்கலாம். பக்கத்து மலாய்ப் பள்ளித் தலைமையாசிரியரிடம் போயிருக்கலாம், நல்ல மனிதர், தேத்தண்ணீர் கொடுத்துக் குத்தியும் தந்திருப்பார். நான் போகவில்லை. அவளை முதல் வகுப்பில் சேர்த்தபோது பிறப்புச் சான்றிதழ் நகலில் குத்தியது நான். இடைநிலைப் பள்ளிக்கு, பல்கலைக்கழகத்துக்கு, உபகாரச் சம்பளத்துக்கு, எல்லாவற்றுக்கும் நான்தான். ஒருமுறைகூட ஒரு தாளும் திரும்பி வந்ததில்லை. அவள் வீடு திரும்புவதற்கான தாள்களில் இன்னொருவர் முத்திரை எதற்கு என்று தோன்றியது. அப்போது அதை நான் அவசரம் என்றுதான் சொல்லிக்கொண்டேன்.

சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து நகல்களை அடுக்கினேன். இருபத்து மூன்று. மை காய்ந்து போயிருந்த திண்டில் புது மை விட்டேன். மனைவி முறுக்கு டப்பாவோடு வந்து நின்றாள்.

“ரிட்டயர் ஆயி பதினாலு வருஷம் ஆச்சு. இன்னும் என்ன சாப்பா?”

“யாரு பாக்கப் போறா? பேரு, பதவி, எல்லாம் சரியா இருக்கு.”

“பதினாறு பேரத் தொரத்தி விட்டீங்களே, அவங்க வந்து பாத்தா?”

“நீ முறுக்க மூடி வை, நமத்துரும்.”

நிதானமாகக் குத்தினேன். ஒரு முத்திரைகூடக் கோணவில்லை. ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டேன். அந்த இருபத்து மூன்று தாள்களையும் நேராகத் தட்டி உறையில் வைத்தபோது இருந்த நிறைவு எனக்கு வேலையில் இருந்த காலத்தில்கூட அபூர்வம்.

டிசம்பர் முதல் வாரத்தில் கால்நடை மருத்துவர் பதிவு அலுவலகத்திலிருந்து கட்டு முழுவதும் திரும்பி வந்தது. மேலே ஒரு சீட்டு. இரண்டு கட்டங்களில் பேனாவால் குறி போட்டிருந்தார்கள். ஒன்று, உறுதி செய்தவர் பணியில் இருக்கும் அதிகாரியாக இருக்க வேண்டும். இரண்டு, அவர் விண்ணப்பதாரரின் உறவினராக இருக்கக் கூடாது.

உறவு அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று ஒரு கணம் குழம்பினேன். பிறகு மேலே இருந்த தாளைப் பார்த்தேன். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அடையாள அட்டையில் பிள்ளையின் பெயர், இன்னாருடைய மகள் என்று காட்டும் இரண்டு எழுத்து, பிறகு தகப்பன் பெயர். அவள் பெயரில் பாதி என் பெயர். மேலே அவள் பெயருக்குப் பின்னால் நான். கீழே முத்திரையில் மறுபடியும் நான். இருபத்து மூன்று தாளிலும் இருமுறை, ஆக நாற்பத்தாறு முறை என் பெயர். அதைப் பார்த்து உறவைக் கண்டுபிடிக்க அந்த அதிகாரிக்கு அரை நிமிடம் போதும். நான்தான் இத்தனை நாள் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கவில்லை. அன்றே மகளைக் கூப்பிட்டேன்.

“திரும்பி வந்துருச்சும்மா.”

“என்னவாம்பா?”

“சாப்பா.”

“என்ன சாப்பா? யாருகிட்ட குத்துனீங்க?”

அந்தப் பக்கம் ஒரு நாய் குரைத்தது. அவள் யாரிடமோ மலாயில் கொஞ்சம் இருங்கள் என்றாள். பிறகு, “அப்பா, உங்க சாப்பாவா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“ஆமா.”

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் சிரித்தாள். நீளமாக, சத்தமில்லாமல். “இன்னும் வச்சிருக்கீங்களா அத?” என்றாள். பிறகு, “சரி, விடுங்கப்பா. மறுபடி குத்தி அனுப்புங்க. நேரம் இருந்தா பாக்கலாம்” என்றாள். திட்டியிருந்தால் அன்று தூங்கியிருப்பேன்.

மறுநாள் காலை எட்டுக்கே மருத்துவமனையில் நின்று ஒரு டாக்டரைப் பிடித்தேன். அவளுக்கு என் மகளைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். ஒவ்வொரு அசலையும் நகலோடு ஒப்பிட்டுப் பார்த்துக் குத்தினாள். பதினெட்டு நிமிடம். அவ்வளவுதான் வேலை. அன்றே அனுப்பினேன். ஆனால் கட்டு புதிதாக வந்த கட்டாகி வரிசையின் கடைசிக்குப் போய்விட்டது. அதைப் பார்த்து முடிக்கக் குறைந்தது ஆறு வாரம் என்றார்கள். டிசம்பர் முப்பத்தொன்றுக்கு இருபத்து மூன்று நாள் இருந்தது.

கிளினிக் டாக்டரிடம் நானே போய்ச் சொன்னேன். முன்பகல் நேரம். அவர் ஒரு முயலின் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடியும்வரை நின்றேன். கையைக் கழுவிவிட்டு வந்தார்.

“ஒரு மாசம் தள்ளிப் போட முடியாதா டாக்டர்? நீங்க ஒரு வருஷத்துக்குச் சான்றிதழைப் புதுப்பிச்சா...”

“மாஸ்டர், எனக்குக் கண் தெரியேல்ல. இந்த முயலின்ர பல்லையே நான் விரலாலதான் பாத்தனான். இன்னும் ஒரு வருஷம் எண்டு கையெழுத்து வைக்க மனம் வருகுதில்லை.” துண்டை மடித்து வைத்தார். “பிள்ளையிட்டச் சொல்லுங்கோ, நான் கோவிக்கேல்ல எண்டு.”

ஜனவரியில் அந்த இடத்தை மூன்று கிளினிக்குகள் வைத்திருக்கும் ஒரு நிறுவனம் எடுத்துக்கொண்டது. கண்ணாடிக் கதவு போட்டு விட்டார்கள். மகளின் கட்டு ஜனவரி இறுதியில் ஒரு குறையும் இல்லாமல் ஒப்புதலாகி வந்தது. பொறுப்பேற்பதற்குத்தான் கிளினிக் இல்லை. வேறு இடம் பார்க்கலாம், புதிதாகத் திறக்கலாம், நிறுவனத்திலேயே சம்பளத்துக்குச் சேரலாம் என்று நான் ஒவ்வொரு ஞாயிறும் ஒன்று சொன்னேன். மூன்றுக்கும் அவள் “பாக்கலாம்பா” என்றாள். அவளுடைய ஐந்தாவது பெர்மிட் பிப்ரவரியோடு முடிவதாக இருந்தது.

பிப்ரவரியில் நாங்கள் இருவரும் கூச்சிங் போனோம். மனைவியின் கால் ஓரளவு தேறியிருந்தது. வரிசையில் நின்று தொண்ணூறு நாள் சீட்டு வாங்கினோம். மனைவி அதைப் பார்த்து, “மகள பாக்க மூணு மாசம் போதும்னு இவங்களுக்கு யாரு சொன்னா?” என்றாள்.

இரண்டாம் நாள் மகளின் கிளினிக்கில் காலை முழுவதும் உட்கார்ந்திருந்தேன். முன்பு போன நான்கு முறையும் அவள் விடுப்பில் இருந்தாள். வேலை செய்து நான் பார்த்ததில்லை. பதினோரு பூனை, நான்கு நாய், ஒரு சேவல். வந்தவர்களோடு அவள் பேசிய மலாய் நம் பக்கத்து மலாய் இல்லை, பாதிதான் எனக்குப் புரிந்தது. சேவலைக் கொண்டுவந்த இபான் பழங்குடி மூதாட்டி நான் யாரென்று கேட்டார். மகள் சொன்னதும் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். மகளைப் பார்த்தேன்.

“எங்க டாக்டருக்கு நீங்கதான் அப்பாவான்னு கேக்குறாங்க.”

எங்கள் டாக்டர். ரெம்பியாவில் அந்த மாட்டுக்காரன் சொல்ல வேண்டிய சொல். நான் தலையை ஆட்டினேன். சேவலுக்குக் காலில் கட்டுப் போட்டு முடிக்க ஒன்பது நிமிடம் ஆனது. அந்த ஒன்பது நிமிடமும் மூதாட்டி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சனிக்கிழமை. மதியம் சாப்பிட்டு முடித்ததும் மகள் ஒரு கட்டுத் தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். பெர்மிட் புதுப்பிக்கும் விண்ணப்பம்.

“திங்கக்கிழமை குடுக்கணும்பா. ஒரு தடவ பாத்துருங்க. ஆபீஸ்ல ஒரு சின்னது விட்டுப்போனாலும் திருப்பி விட்டுருவாங்க. வியாழக்கிழமையோட பெர்மிட் முடியுது, திரும்பி வந்தா நான் வேலைக்குப் போக முடியாது.”

“என்கிட்டயா குடுக்குற?”

“சாப்பாதான் வைக்கக் கூடாது. எண்ணலாம், தப்பில்ல” என்றாள். சமையல்கட்டிலிருந்து மனைவி சிரித்தது கேட்டது. மகள் அவளுக்கு ஒத்தாசை செய்ய எழுந்து போனாள்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். பதினேழு தாள்கள். முதல் தாளிலிருந்து ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்தேன். பெயர், அவள் பெயருக்குப் பின்னால் நான். பிறந்த ஊர் மலாக்கா. தொழில். முதலாளியின் உறுதிமொழி மூன்றாம் பக்கத்தில் இருந்தது. கையெழுத்து இருந்தது, நிறுவன முத்திரை இருந்தது. தேதிக் கட்டம் காலியாக இருந்தது.

மறுபடி பார்த்தேன். காலிதான்.

அவளும் பார்க்கவில்லை, அவளுடைய முதலாளியும் பார்க்கவில்லை. நான் தாளைத் திருப்பிவிட்டு நான்காம் பக்கத்துக்குப் போனால் யாரும் பார்க்கப் போவதில்லை. திங்கட்கிழமை கொடுப்பாள். கட்டு திரும்பி வரும். வியாழன் தாண்டிவிடும். மலாக்காவில் எல்லா ஒப்புதலும் தயாராக இருக்கிறது, கிளினிக் முகவரி ஒன்றுதான் வேண்டும். அவளே அலுத்துப்போய், சரி வந்துவிடுகிறேன் என்று சொல்லக்கூடும். இப்படியெல்லாம் நினைத்தேன். நினைக்கவில்லை என்று எழுதினால் பொய். சமையல்கட்டில் இரண்டு பேரும் ஏதோ பேசிப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். பத்து ஆண்டுகளில் அந்தச் சத்தத்தை நான் கேட்ட நாட்களை விரல் விட்டு எண்ணலாம். அன்று எண்ணவில்லை. எவ்வளவு நேரம் அந்தப் பக்கத்திலேயே கையை வைத்திருந்தேன் என்றும் தெரியவில்லை. கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

“அம்மாடி” என்று கூப்பிட்டேன். “மூணாம் பக்கத்துல தேதி போடல.”

ஈரக் கையோடு வந்து குனிந்து பார்த்தாள். “அய்யோ, ஆமாப்பா. பாஸ்கிட்ட திங்கக்கிழமை காலையிலயே வாங்கிருவேன்” என்று தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு குறி வைத்தாள். “வேற?”

“வேற ஒண்ணும் இல்ல. எல்லாம் சரியா இருக்கு.”

தாள்களை அடுக்கிக் கிளிப் போட்டாள். இந்த முறை எத்தனை ஆண்டுக்கு என்று கேட்டேன்.

“ரெண்டுப்பா” என்றாள்.

முதல் பக்கத்திலேயே இரண்டு என்று போட்டிருந்ததைப் பார்த்திருந்தேன். அவள் வாயால் கேட்க வேண்டும்போல் இருந்தது.